தணியாத தாகம்: சர்க்கரை மட்டுமா காரணம்?



எங்கள் பள்ளிப்பட்டில் சித்திரை வெயிலில் தாகம் எடுப்பது வியப்பன்று. ஆனால், குளிர்கால இரவிலும் ஒருவர் பலமுறை எழுந்து சிறுநீர் கழித்துவிட்டுத் தண்ணீர்ப் பானையைத் தேடினால், ‘சர்க்கரை நோய்’ என்று நாமே தீர்ப்பளித்து விடுகிறோம். சோதனையில் சர்க்கரை இல்லையென்றால் கவலையை மறந்து விடுகிறோம். இரண்டுமே தவறு.

சர்க்கரையில்லா நீரிழிவு ஒன்றும் உண்டு. ‘டயாபடீஸ் இன்சிபிடஸ்’ என்பது அதன் பெயர். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் வாசோபிரசின் என்னும் ஹார்மோனே, சிறுநீரகம் நீரை வீணாக்காமல் காக்கிறது. அது குறைந்தாலும், சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படாவிட்டாலும் நீர் பெருகி வெளியேறும். சர்க்கரை நோயென்று மயங்காதிருக்கவே, 2022-இல் இதற்கு ‘வாசோபிரசின் குறைபாடு’, ‘வாசோபிரசின் எதிர்ப்பு’ எனப் பொருள்படும் புதிய பெயர்களை உலக மருத்துவ அமைப்புகள் பரிந்துரைத்தன.

மருத்துவர் இதனை எவ்வாறு கண்டறிகிறார்? முதலில் 24 மணி நேரச் சிறுநீரை அளப்பார். பெரியவர்களுக்கு அது 3 லிட்டரைத் தாண்டினால் ஆய்வு தொடரும். இரத்தத்தில் சர்க்கரை, சோடியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவையும், சிறுநீரின் அடர்த்தியையும் பார்ப்பார்.

அடுத்தது நீர்தடைச் சோதனை. மருத்துவமனையில் சில மணி நேரம் நீர் தராமல், எடையையும் இரத்தத்தையும் சிறுநீரையும் அடிக்கடி சோதிப்பார்கள். நலமுள்ளவருக்குச் சிறுநீர் அடர்த்தியாகும். இந்நோயாளிக்குத் தெளிந்த நீராகவே போகும். பின்னர் டெஸ்மோபிரசின் மருந்து தருவார்கள். அதனால் சிறுநீர் அடர்ந்தால் குறை பிட்யூட்டரியைச் சார்ந்தது, எம்.ஆர்.ஐ. படம் தேவைப்படும். அடராவிட்டால் குறை சிறுநீரகத்தில் உள்ளது.

பழக்கத்தால் மிகுதியாக நீர் பருகுவோரை இந்நோயாளியிடமிருந்து பிரித்தறிவது எளிதன்று. அதற்கு, உப்புக் கரைசலை ஏற்றி இரத்தத்தில் கோபெப்டின் அளவைப் பார்க்கும் முறை உண்டு. 2018-இல் வெளிவந்த ஆய்வில் அம்முறை நூற்றுக்கு 97 பேரைச் சரியாகக் கண்டறிந்தது; நீர்தடைச் சோதனை 77 பேரையே கண்டறிந்தது.

சகோதர சகோதரிகளே! ‘ரமலான் நோன்பு வைத்துப் பார்ப்போம், தாகம் அடங்கும்’ என்று வீட்டில் சோதனை செய்து விடாதீர்கள். இந்நோயாளிக்கு நீரை நிறுத்தினால், இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறி, மயக்கமும் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம். நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது. அதனை ஏற்பது குறையன்று.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கெனத் தனித் துறை உண்டு. தாகம் தணியாதவரை அதட்டாதீர்கள். தண்ணீர் கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.