திங்கட்கிழமை வலிகள்

காசு கொடுத்து உடம்பை நோக வைத்துக்கொள்வது, நம்ம ஊர்ப் பெற்றோருக்குப் புரிய வைக்க முடியாத விஷயங்களில் ஒன்று. வாரம் இரண்டு மாலை பாறை ஏறும் ஜிம், சனிக்கிழமை காலை சைக்கிள். இதுதான் என் வழக்கம். வீடியோ காலில் என் முழங்கையைப் பார்த்த அம்மா, "எட்டு வயசுல விழுந்து வாரினே, சரி. முப்பத்தஞ்சு வயசுலயுமாடா?" என்றார்.

காரணம் இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது வயது 41. தெற்காசியர்களுக்கு இந்த நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே, அதிக எடை இல்லாவிட்டாலும் வருகிறது என்பது தெரிந்த விஷயம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கோட் எழுதுகிறவன் நான். ட்ரெட்மில் எனக்கு ஒத்து வரவில்லை. சைக்கிளும் பாறையும் ஒத்து வந்தன. கூடவே வலியும் வந்தது. அதனால் எந்த வலியோடு வாழலாம், எதோடு கூடாது என்று கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் வலி

புதிதாக ஆரம்பிப்பவரைப் பயமுறுத்துவது இதுதான். அன்றைக்கு ஒன்றும் இருக்காது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மாடிப்படி இறங்க முடியாது. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்பார்கள். அது ஒரு மணி நேரம் போலத்திலேயே உடம்பிலிருந்து போய்விடும். பழகாத வேலையில் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதை உடம்பு சரிசெய்வதும்தான் இந்த வலி. மூன்று, நான்கு நாளில் தானாகப் போகும். படுத்தே இருப்பதைவிட மெதுவாக நடந்தால் சுகம்.

ஹாமில்டன் மலை கற்றுத் தந்தது

சான் ஹோசேயில் இருப்பவர்களுக்கு ஹாமில்டன் மலை தெரியும். உச்சியில் லிக் வானாய்வகம், உயரம் 4,200 அடிக்கு மேல். தொலைநோக்கியின் பாகங்களைக் குதிரை வண்டிகள் இழுத்துப் போக வேண்டும் என்பதற்காக, 1876-இல் செங்குத்து இல்லாமல் வளைத்து வளைத்துப் போட்ட ரோடு அது. குதிரைக்கு நல்லது. நமக்கோ சுமார் 19 மைல், இரண்டரை மணி நேரம் ஒரே மாதிரி உட்கார்ந்து மிதிக்க வேண்டும். மூச்சு வாங்குவதைவிட முட்டி, உள்ளங்கை, உட்காரும் இடம்தான் முதலில் புகார் சொல்லும்.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். ஒரே தடவையில் நிறைய மாற்றாமல் சில மில்லிமீட்டராக மாற்றிப் பாருங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், ஹேண்டில்பாரில் சாய்ந்து உள்ளங்கை நரம்பை அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். கையை அடிக்கடி இடம் மாற்றி வைக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மரத்த உணர்ச்சி போகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

விரல் என்பது சோறு

பாறை ஏறுவதில் தசை சில வாரங்களில் பலமாகிவிடும். தசைநாண்களும் விரல் எலும்போடு அவற்றைப் பிடித்து வைக்கும் பட்டைகளும் பலமாக மாதங்கள், வருடங்கள் ஆகும். "என்னால முடியுது" என்று தசை சொல்லும்போது விரல் தயாராக இருக்காது. சின்ன விளிம்பை நுனிவிரலால் மடித்துப் பிடிக்கும்போது 'டப்' என்று சத்தம் கேட்டு விரலின் அடியில் வலித்தால் அன்றைக்கு அதோடு இறங்கிவிட வேண்டும்.

போன வருடம் என் மோதிர விரலுக்கு அப்படி ஆனது. ஆறு வாரம் ஏறவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி டேப் சுற்றிக்கொண்டு ஒன்பது விரலால் டைப் அடித்தேன். "விரல்தானே நமக்குச் சோறு போடுது?" என்றாள் மனைவி. அதன்பிறகு முதல் அரை மணி நேரம் பெரிய பிடிகள் மட்டும்தான்.

சிராய்ப்பும் கன்னிப்போதலும்

சிராய்ப்பை சோப்பும் தண்ணீரும் விட்டு மண் போகக் கழுவி, ஈரப்பதம் காக்கும் பேண்டேஜ் போடுங்கள். காய விட்டுப் பொருக்குத் தட்டுவதைவிட இப்படிச் சீக்கிரம் ஆறும். அழுக்குப் பட்ட காயம் என்றால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். அம்மா சொல்லும் மஞ்சள் பற்று தோல் கிழியாத வீக்கத்துக்கு மட்டும். திறந்த காயத்தில் வேண்டாம்.

கன்னிப்போன இடம் நீலத்திலிருந்து பச்சை, மஞ்சளாக மாறுவது தேங்கிய ரத்தம் சிதைவதால். இரண்டு வாரத்தில் மறையும். நம் நிறத்தில் அது சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆறிய பின்னும் சிராய்ப்பின் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் படாமல் மூடி வையுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

தலையில் அடிபட்டு, தலைவலி கூடினாலோ வாந்தி, குழப்பம் இருந்தாலோ உடனே எமர்ஜென்சி. அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது; உள்ளே நுரை நசுங்கியிருக்கும். கையை ஊன்றி விழுந்தபின் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டுக் குழியில் தொட்டால் வலிக்கிறதா? எலும்பு முறிவாக இருக்கலாம், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி இருக்கும்வரை டாக்டரை விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம் உண்டு: வலியை மறைக்கக் கூடாது. மனைவி போட்டது. ஞாயிறு இரவு சாப்பிடும்போது எங்கே வலி, எத்தனை நாளாக என்று சொல்லிவிட வேண்டும். ஏழு வயது மகளும் பள்ளி மைதானத்தில் வாங்கியதைக் காட்டுகிறாள். மூன்று பேரில் பெரும்பாலும் அவளுடைய கணக்குதான் அதிகம்.