எண்ணெய் சுரக்கும் யானை

வற்றாப்பளைக் கோயில் பொங்கல் நெருங்கினால் தண்ணீரூற்று ஊரில் விளக்குப் பற்றித்தான் பேச்சு. கடலில் எடுத்த தீர்த்தத்தில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரியும். அது நம்பிக்கையின் விளக்கு, அதை நான் விளக்கப் போவதில்லை. சொல்ல வந்தது, ஆள் வந்து ஊற்றாமலே தனக்குத் தானே எண்ணெய் விட்டுக்கொள்ளும் இன்னொரு விளக்கைப் பற்றி.

1951இல் கேகாலைப் பக்கம் தெதிகமவில், கொட்டவெஹெர தூபியின் தாது அறைக்குள் அது கிடைத்தது. முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் காலமான 12ஆம் நூற்றாண்டுக்கு உரியது. சங்கிலியில் தொங்கும் எண்ணெய்த் தட்டம், அதற்குள் நிற்கும் சின்ன உலோக யானை.

யானையின் வயிறுதான் எண்ணெய்த் தாங்கி. எண்ணெய் வெளியே வரும் வழி அதன் ஆண்குறி (கோயிலுக்குரிய பொருள் என்று கைவினைஞன் கூச்சப்படவில்லை). காற்று உள்ளே போவதற்குக் காலுக்குள்ளால் ஒரு குழாய். அதன் வாய் தட்டத்து எண்ணெய்க்குள் அமிழ்ந்திருக்கும். வாய் மூடியிருக்கும்வரை வயிற்றுக்குள் காற்றுப் போகாது. காற்றுப் போகாவிட்டால் எண்ணெயும் இறங்காது. திரி குடிக்கக் குடிக்க மட்டம் தாழ்ந்து குழாய் வாய் வெளிப்படும். காற்று ஏறும், எண்ணெய் வடியும், மட்டம் உயர்ந்து வாய் மறுபடி மூடும். கோழிக்குஞ்சுக்குத் தட்டில் போத்தலைக் கவிழ்த்துத் தண்ணீர் வைக்கிறோமே, அதே சூத்திரம்!

மண்ணிலும் இப்படி வயிற்றைப் பாத்திரமாக்கிய மிருகங்கள் உண்டு. கொரியாவின் கியோங்ஜுவில் 1924இல் அகழ்ந்த 6ஆம் நூற்றாண்டுச் சில்லா அரசுக் காலக் கல்லறையில் சுட்டமண் குதிரைவீரர் இருவர் கிடைத்தனர். குதிரையின் பின்பக்கத்திலுள்ள கிண்ணத்தில் ஊற்றினால் வயிறு நிரம்பும், சரித்தால் நெஞ்சிலுள்ள குழாயால் வரும். தடித்த மண்ணுருவைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடக்கூடும். ஆகவே குயவர் பெரிய உருவங்களை உள்ளே கோதாகத்தான் செய்வார்கள். தமிழ்நாட்டு ஐயனார் குதிரைகளும் அப்படித்தான். கோதான உடலில் இரண்டு துளை போட்டால் பாத்திரம் தயார்.

ஆனால் சில்லா குதிரையைச் சரிக்க ஒரு கை வேண்டும். தெதிகம யானைக்கு அதுகூட வேண்டாம், காற்று மட்டும் போதும். தூபிக்குள் வைத்து மூடியபோது அதன் வயிறு நிறைய எண்ணெய் இருந்திருந்தாலும் திரி நெடுநேரம் எரிந்திராது. அந்தக் காற்றையல்லவா அடைத்துவிட்டார்கள்!