சுடரும் வளியும்

சம்மாந்துறையிலே இருந்துகொண்டு வீட்டைச் சூடாக்கும் பொறியைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். பங்குனி சித்திரையில் கூரைக்கு மேலேயும் கீழேயும் ஒரே வெப்பமாயிருக்கும் இந்த ஊரில், இருக்கின்ற சூட்டைப் போக்குவதற்கன்றோ வழி தேடுகிறோம்! எனினும் இன்று எங்கள் கிழக்குக் கரையில் பிள்ளைகளோ மருமக்களோ குளிர் நாடுகளில் இல்லாத குடும்பங்கள் மிகச் சிலவே. அவர்கள் உறங்கும் அறையின் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை நாமும் சற்று அறிந்திருப்பது பயனற்றதன்று.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாம் பகுதியில், வாடகை வீடொன்றில் குடும்பத்துடன் வசிக்கிறார். சென்ற குளிர்காலத்தின் தொடக்கத்தில் தொலைபேசியில் பேசியபோது அவர் குறைப்பட்டுக்கொண்டார். "சேர், வீட்டுச் சூடாக்கி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க வந்த மனிதர் ஒன்றரை மணிநேரம் அதனோடு மல்லுக்கட்டினார். எரிகிற அடுப்பை அளப்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார். நான் கலைப் பட்டதாரி. உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. எங்கள் விஞ்ஞான ஆசிரியரைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டவற்றையே இப்பொழுது உங்களுக்குக் கூறுகின்றேன்.

முதலில் அப்பொறியின் அமைப்பைப் பார்ப்போம். 1960களிலும் 1970களிலும் இங்கிலாந்தில் கட்டப்பட்ட பல வீடுகளில், நடுவே ஓர் அலுமாரி போன்ற அறைக்குள் உயரமான இரும்புப் பெட்டியொன்று நிற்கும். அதன் அடியில் எரிவாயு எரிகிறது. சுவாலைக்கு மேலே மெல்லிய உலோகத் தகட்டினாலான அறையொன்று உண்டு. அதற்கு வெப்பமாற்றி என்று பெயர். தகட்டின் உட்புறமாகச் சென்ற புகை புகைபோக்கி வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். தகட்டின் வெளிப்புறமாக ஒரு மின்விசிறி வீட்டு வளியைத் தள்ளிச் சூடேற்றிக் குழாய்கள் வழியே ஒவ்வோர் அறைக்கும் அனுப்பும். புகையும் நாம் சுவாசிக்கும் வளியும் ஒரே தகட்டின் இரு பக்கங்களிலும் ஓடுகின்றன. இவை ஒருபோதும் ஒன்றையொன்று சந்திக்கலாகாது. அந்த மனிதர் செலவிட்ட ஒன்றரை மணிநேரத்தின் பெரும் பகுதி இதை உறுதிசெய்வதற்கே சென்றது.

பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள பன்சன் சுடரடுப்பை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அதன் அடியிலுள்ள துவாரத்தை மூடினால் சுவாலை மஞ்சளாகி ஆடும்; மேலே பிடித்த பீங்கானில் கரி படியும். துவாரத்தைத் திறந்தால் சுவாலை நீலமாகி உறுதியாய் நிற்கும். வாயு முழுமையாக எரிவதற்குப் போதிய வளி வேண்டும் என்பதே இதன் பொருள். ஒரு கன அடி மெதேன், அதாவது லண்டன் வீடுகளுக்குக் குழாயில் வரும் இயற்கை வாயுவின் பிரதான கூறு, எரிவதற்கு ஏறக்குறைய 10 கன அடி வளி தேவை. நமது சிலிண்டர்களில் உள்ள புரொப்பேனுக்கு ஏறக்குறைய 24, பியூட்டேனுக்கு 31. வாயு மாறினால் வளியின் கணக்கும் மாறும் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

இனி அந்த மனிதர் செய்த வேலை. முதலிற் குழாய்களில் கசிவுண்டா என்று பார்த்தார். வாயுவை உள்ளே அடைத்து, வால்வை மூடி, அமுக்கமானியைப் பொருத்திச் சில நிமிடங்கள் அதனை நோக்கியிருப்பது வழக்கம். அமுக்கம் இறங்கினால் எங்கோ ஓட்டை உண்டு. அங்கே வீட்டுக் குழாயின் அமுக்கம் ஏறக்குறைய 20 மில்லிபார்; அஃதாவது ஒரு சாணளவு உயரமான நீரைத் தாங்கும் அமுக்கமேயாகும். இத்தனை மெல்லிய அமுக்கத்தில் ஓடுவதனால், சிறிது கூடினாலும் குறைந்தாலும் சுவாலை பெரிதும் வேறுபடும்.

அடுத்து, பொறி எவ்வளவு வாயுவை உண்கிறது என்பதைக் கணித்தார். வீட்டிலுள்ள மற்ற அடுப்புகளையெல்லாம் அணைத்துவிட்டு, மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு மீற்றரை வாசித்தார். எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய கணக்கு இது. பொறி 15 கிலோவாற்று உடையது என்று கொள்வோம். இரண்டு நிமிடத்தில் அதற்கு வேண்டிய வெப்பம் 1800 கிலோயூல். ஒரு கன மீற்றர் இயற்கை வாயு தருவது ஏறக்குறைய 39,000 கிலோயூல். ஆகவே இரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய 46 லீற்றர் வாயு ஓட வேண்டும். மீற்றர் அறுபதைக் காட்டினால் பொறி அளவுக்கு மீறி உண்கிறது; உள்ளே வரும் வளி அதற்குப் போதாது. நாற்பதுக்கும் கீழே காட்டினால் புகை குளிர்ந்து, உள்ளேயே நீராகப் படிந்து, தகட்டை மெல்ல அரித்துவிடும். சூடாக்கியில் ஒரு சிறு திருகாணி உண்டு. அதனைக் கால் சுற்றுத் திருப்பி, மீண்டும் அளந்து, மீண்டும் திருப்பி, பொறியின் தகட்டிலே தயாரித்தவர் பொறித்திருக்கும் எண்ணுக்கு அமுக்கத்தைக் கொண்டுவருவார்கள்.

பின்னர் விசிறி. உள்ளே வரும் வளிக்கும் வெளியேறும் வளிக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டை வெப்பமானியால் அளப்பார்கள். வேறுபாடு விதித்ததைவிடக் கூடினால் விசிறி மெதுவாகச் சுழல்கிறது, அல்லது வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கிறது. தகடு அதிகமாகச் சூடேறி வெடிப்புற இடமுண்டு. குறைந்தாலோ அறைக்குள் சூடான வளிக்குப் பதிலாக ஒரு வாடைக்காற்றே வீசும்.

இவற்றையெல்லாம் விட நுட்பமான ஒன்று உண்டு. விசிறி வளியைத் தள்ளுகிறது என்றால், அதே அளவு வளியை எங்கிருந்தோ இழுக்கவும் செய்கிறது. அறைகளிலிருந்து அது திரும்பி வருவதற்குத் தனிக்குழாய் இருக்க வேண்டும். அக்குழாயில் இடைவெளி இருந்தால், அல்லது யாரேனும் அலுமாரியில் இடம்பிடிக்க விரும்பி அதைக் கழற்றிவிட்டால், விசிறி அந்தச் சிறிய அறைக்குள்ளிருக்கும் வளியையே உறிஞ்சும். உறிஞ்சும்போது, மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கும். இறங்கிய புகையை விசிறியே வாரி, எல்லாப் படுக்கையறைகளுக்கும் ஒழுங்காகப் பங்கிட்டு வைக்கும். சுவாலையைப் பார்த்தால் நீலமாக, அழகாகவே இருக்கலாம். இதனால்தான் கதவு யன்னல்களை எல்லாம் மூடி, குசினியின் காற்றகற்றியையும் ஓடவிட்டு, புகைக்குச்சி ஒன்றைக் கொளுத்திப் புகைபோக்கியின் வாயருகே பிடித்துப் பார்க்கிறார்கள். புகை உள்ளே இழுபட்டால் நலம். அறைக்குள் சுருண்டு வந்தால் அந்தப் பொறியை அந்தக் கணமே நிறுத்திவிடுவது விதி.

இத்தனை அச்சம் எதற்கு? காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்காகவே. வளி போதாது எரியும் எந்த எரிபொருளிலிருந்தும் அது பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. நமது குருதியிலுள்ள செந்நிறப் பொருளோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட பற்றுடன் அது சேர்ந்துகொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும்; உறங்குபவனுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. நுவரெலியாவுக்குச் சுற்றுலாச் செல்வோர் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதும் இதே ஆபத்துத்தான். பிள்ளை பெற்ற அறையில் தணற்சட்டி வைக்கும் வழக்கம் நமது ஊர்களிலும் இருந்தது. ஆயினும் ஓலைக்கூரையும் ஒருச்சாய்ந்த கதவும் அந்தக் காலத்தில் புகைபோக்கியின் வேலையைச் செய்தன. இன்றைய சிமெந்து அறைக்கு அந்த இரக்கம் கிடையாது.

இங்கிலாந்து இந்த ஒழுங்கை எளிதிற் கற்றுக்கொள்ளவில்லை. ஈஸ்ட் ஹாமைப் போலவே நியூஹாம் பகுதியைச் சேர்ந்த றோனன் பொயின்ற் என்னும் 22 மாடிக் கட்டடத்தில், 1968 மே 16ஆம் திகதி விடியற்காலையில், பதினெட்டாம் மாடியில் ஒரு பெண்மணி தேநீருக்கு அடுப்பை மூட்டினார். ஓர் இணைப்பிலிருந்த தரக்குறைவான பித்தளைத் திருகுமூடியினூடாக வாயு கசிந்திருந்தது. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்து வீழ்ந்தது, நால்வர் மாண்டனர். அதன் பின்னரே, 1970இல், எரிவாயு வேலை செய்வோரின் பதிவேடு ஒன்று தொடங்கிற்று. 2009 முதல் காஸ் சேஃப் என்னும் பதிவேடு அதன் இடத்தில் இருக்கிறது. வாடகைக்கு விடும் வீட்டின் எரிவாயுப் பொறிகளை ஆண்டுதோறும் பதிவுபெற்றவரைக் கொண்டு பரிசோதிப்பிப்பது அங்கே சட்டம்.

அதே காலத்தில் அங்கே இன்னொரு பெருவேலையும் நடந்தது. நிலக்கரியிலிருந்து வடித்த பழைய வாயுவை விட்டு, வடகடலில் 1965இல் கண்டுபிடிக்கப்பட்ட இயற்கை வாயுவுக்கு நாடு மாறிற்று. புதிய வாயுவின் வெப்பம் பழையதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. எனவே 1967 முதல் 1977 வரை பத்தாண்டுகளாக, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தெருத்தெருவாகச் சென்று, ஒவ்வோர் அடுப்பின் வாயையும் மாற்றியமைத்தார்கள். வாயு மாறியது, ஆகவே அடுப்பையும் மாற்றினார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் நினைவுக்கு வந்தன. அந்த நவம்பர், டிசம்பரில் நமது நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்ததையும், உயிர்கள் போனதையும், பெண்கள் குசினிக்குள் நுழையவே அஞ்சியதையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆராய நியமிக்கப்பட்ட குழு, சிலிண்டரிலிருந்த கலவையின் விகிதம் மாறியமையே பிரதான காரணம் என்று கூறிற்று. புரொப்பேனின் பங்கு கூட்டப்பட்டிருந்தது. நமது 30 பாகை வெப்பத்தில் பியூட்டேன் சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைந்த அமுக்கத்தையே தரும். புரொப்பேனோ பத்து மடங்குக்கும் மேல். அந்த அமுக்கத்தைத் தாங்க வேண்டியவை பல்லாண்டு பழகிய றெகுலேற்றர்கள். வாயு மாறிற்று, வீடுகளுக்கு எவரும் வந்து எதனையும் அளக்கவில்லை. குற்றம் குசினியில் நின்ற பெண்ணினுடையதன்று என்பதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்லுகிறேன்.

நமது சிலிண்டர் வாயு வளியைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலேயே தேங்கும். ஆகையால் மணம் தெரிந்தவுடன் மின் ஆளியைத் தொடாமல், கதவையும் யன்னலையும் திறந்து, சிலிண்டரை மூடிவிட்டு வெளியேறுக. இணைப்புகளில் சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கலாம், நெருப்புக்குச்சியால் பார்க்கலாகாது. வெடித்த குழாயை நூலால் கட்டிப் பாவிப்பதை நான் எங்கள் ஊரிலேயே கண்டிருக்கிறேன்.

மாணவரின் வீட்டில் அந்த ஒன்றரை மணிநேரத்தில் என்ன கண்டார்கள் என்று பின்னர் விசாரித்தேன். வாயுவின் அளவு சரியாகவே இருந்ததாம். ஆனால் வளி திரும்பும் குழாய், தரையோடு சேருமிடத்தில் இரண்டு விரற்கடை விலகியிருந்தது. முன்பு குடியிருந்தவர் பெட்டி அடுக்கும்போது இடித்திருக்க வேண்டும். அதனைப் பொருத்தி மூடி, புகைக்குச்சியை மறுபடியும் கொளுத்திப் பார்த்துவிட்டு, அமுக்கம், வாயுவின் அளவு, வெப்பநிலை வேறுபாடு ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதித் திகதியிட்டு அலுமாரிக் கதவின் உட்புறத்தில் தொங்கவிட்டுச் சென்றாராம். அந்தக் குழாய்க்கு நேர்மேலேதான் பிள்ளைகள் இருவரும் உறங்கும் அறை இருக்கிறது.