எந்தக் காலிபர் துப்பாக்கி?

குமாயூன் மலைப் பிரதேசத்தில், சம்பாவத் என்னும் ஊரருகே, 1907-ம் வருஷம் ஜிம் கார்பெட் துரை ஒரு பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாயூனிலுமாக அது 436 மனிதர்களைக் கொன்றிருந்ததாகக் கணக்கு. செத்த புலியின் வாயைப் பார்த்தபோது வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியளவு, கீழ்ப்பல் எலும்பு மட்டும். என்றோ ஒருவன் அரைகுறையாகச் சுட்ட குண்டின் வேலை அது. இயற்கையான இரையை அடிக்கச் சக்தியற்றுப் போன மிருகம் மனிதரை அடிக்கப் புகுந்தது. வேட்டைக்கு எந்தக் காலிபர் துப்பாக்கி உகந்தது என்ற கேள்வி வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று என்பதற்கு இது போதாதா?

காலிபர் என்பது குழலின் உட்துளை விட்டம். அதை அங்குலக் கணக்கில் சொல்லுவது ஆங்கிலேயர் வழக்கம். எண் பெரிதானால் துப்பாக்கியும் பலமானது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த எண் பாதி அளவு, பாதி பெயர். சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாண லெப்டினெண்ட் கவர்னர் கார்பெட்டுக்குப் பரிசளித்தது .275 ரிக்பி. ஜெர்மானியரின் 7 மில்லிமீட்டர் மௌஸர் தோட்டாவுக்கு லண்டன் கம்பெனி சூட்டிய பெயர்தான் அது. அதில் செல்லும் குண்டின் விட்டமோ .284 அங்குலம்!

அதே சிறு தோட்டாவைக் கொண்டு ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் பெல் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை இருக்குமிடத்தைத் திட்டமாக அறிந்துகொண்டவர் அவர். உருக்குலையாத கெட்டிக் குண்டை அங்கே செலுத்தினார். இதைப் படித்துவிட்டு மற்றவரும் சிறு காலிபருடன் யானைக் காட்டுக்குள் நுழைவது தற்கொலைக்கு ஒப்பாகும். கார்பெட்டே அருகில் பாயக்கூடிய புலிக்கென்று .450/400 இரட்டைக் குழல் துப்பாக்கியும் வைத்திருந்தார்.

குண்டின் கனத்தை இரட்டித்தால் அதன் சக்தி இரு மடங்காகும். வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. ஆனால் சக்தி கூடக்கூடத் தோளில் விழும் உதையும் கூடும். உதைக்கு அஞ்சுகிறவன் விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் கண்ணை மூடுவான், தோளைச் சுருக்குவான். குண்டு மிருகத்தின் வயிற்றிலோ தாடையிலோ படும். தோள் தாங்காத பெரிய துப்பாக்கியைவிட, பழகிய நடுத்தரத் துப்பாக்கியே மேல் என்பது என் அபிப்பிராயம்.

இந்தியாவில் வேட்டைக்காரனுக்கு முன்பே சர்க்கார் காலிபரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பட்டாளத்து மார்டினி-ஹென்றி துப்பாக்கிக்குப் பயன்பட்டுவிடும் என்ற அச்சத்தால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 தோட்டாக்களை இங்கே தடுத்தார்கள். லண்டன் துப்பாக்கிக்காரர்கள் சளைத்தார்களா? அளவைச் சற்றே மாற்றி .465, .470 என்று புதியவற்றை அனுப்பினார்கள். யானைக்கு வித்தியாசம் தெரிந்திராது! பட்டாளத்துக்குரிய .303-ம் குடிமக்களுக்கு விலக்கப்பட்டது. ஆகவேதான் இஷாப்பூர்த் தொழிற்சாலையின் வேட்டைத் துப்பாக்கி .315 ஆயிற்று, ஆஸ்திரியாவின் பழைய மான்லிக்கர் தோட்டா அது.

தூரத்து இலக்கைச் சுடுகிறவனுக்குக் கவலை வேறு. அங்கே எதிரி காற்று. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்குக் காற்று வீசினால், ஆயிரம் கஜத்தில் .308 குண்டு பல அடி விலகிவிடும். 6.5 மில்லிமீட்டர்க் குண்டு அதைவிட மெல்லியது. தன் பருமனுக்கு நீளமானது. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் வேகத்தை மெதுவாகவே இழக்கிறது, விலகலும் குறைவு. 2007-ல் அமெரிக்காவில் தோன்றிய 6.5 கிரீட்மூர் புகழடைந்ததற்கு இதுவே காரணம். ஆயினும் ஸ்வீடன் தேசத்தார் 1894-லேயே 6.5-ஐக் கைக்கொண்டவர்கள்.

நம் நாட்டில் 1972-ம் வருஷத்துச் சட்டமும் அதன் 1991-ம் வருஷத் திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. மிஞ்சியது இலக்குதான். அதற்கும் காலிபரைப் போட்டி விதியே நிர்ணயிக்கிறது: 10 மீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர், 50 மீட்டருக்கு 5.6. பின்னதைக் கொண்டே ஸ்வப்னில் குசாலே 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். காலிபரில் தேர்வில்லாத இவர்கள், தேர்வைத் தோட்டாவில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே கம்பெனியின் தோட்டாவானாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு நுட்பமான பேதம் உண்டு. துப்பாக்கியை அசையாமல் பிணைத்து, ஒவ்வொரு தயாரிப்பிலும் சில தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, துளைகள் எதில் நெருங்கி விழுகின்றனவோ அந்தப் பெட்டிகளையே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.