பிளக் மாற்றிய பிறகு கார் ஏன் குலுங்குகிறது?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே நம் பட்டறைகளில் கார்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். ஊருக்குப் போக வேண்டும், நெடுந்தூரம் ஓட்ட வேண்டும், அதற்கு முன் ஒரு சர்வீஸ் செய்துவிடுவோம் என்பது எல்லாக் குடும்பங்களிலும் உள்ள வழக்கம். எஞ்சின் எண்ணெய் மாற்றுவார்கள், பிரேக் பார்ப்பார்கள், கூடவே "பிளக் மாத்தி ரொம்ப நாளாச்சு, மாத்திடலாமா?" என்று கேட்பார்கள். நாமும் தலையாட்டிவிடுவோம்.

வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவன் என்பதால், இந்தப் பருவத்தில் நேயர்கள் அனுப்பும் குரல் பதிவுகளில் ஒரு புலம்பல் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. "சர்வீஸுக்கு விடுற வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. பிளக் மாத்தி எடுத்துட்டு வந்ததுல இருந்து குலுங்குது. பட்டறையில கேட்டா எண்ணெய் சரியில்லைன்றாங்க."

பெட்ரோல் நிலையத்தின் மேல் பழியைப் போடுவது எளிது. ஆனால் சர்வீஸுக்கு மறுநாள் தொடங்கிய கோளாறுக்கு, அந்தச் சர்வீஸில்தான் முதலில் காரணம் தேட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாததால் நம் குடும்பங்களில் கரையும் பணம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு சின்னப் பொருள், ஓயாத வேலை

ஸ்பார்க் பிளக் விரல் நீளப் பொருள்தான். சிலிண்டருக்குள் வரும் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை ஒரு தீப்பொறியால் பற்ற வைப்பது அதன் வேலை. பேட்டரியில் இருப்பது 12 வோல்ட்தான். அதை இக்னிஷன் காயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அதைத் தாண்டித்தான் பொறி பறக்கிறது.

நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிளக்கும் ஒரு வினாடியில் 25 முறை பொறி விட வேண்டும். கிள்ளானிலிருந்து தைப்பிங் போய்ச் சேர மூன்று மணி நேரம் என்றால், ஒரு பிளக்குக்கு மட்டும் 270,000 பொறிகள். இதில் சில நூறு தவறினாலே நம் இருக்கைக்குக் கீழே அது தெரிந்துவிடும். மைவி, சாகா போன்ற நான்கு சிலிண்டர் கார்களில் ஒன்று வேலை செய்யாவிட்டால் கால் பங்கு பலம் போய்விடும். ஆக்சியா போன்ற மூன்று சிலிண்டர் கார்களில் மூன்றில் ஒரு பங்கு போகும். குலுக்கலும் அதற்கேற்பக் கூடும்.

அண்ணியின் 700 வெள்ளி

கிள்ளானில் இருக்கும் என் அண்ணி போன ஆண்டு ஒரு சனிக்கிழமை காரை சர்வீஸுக்கு விட்டார். நான்கு பிளக்கும் மாற்றப்பட்டன. மறுநாள் தம் அம்மாவைப் பார்க்கப் பிள்ளைகள் இருவரோடு தைப்பிங்குக்குக் கிளம்பினார். ஈப்போ வரை ஒரு சிக்கலும் இல்லை. மெனோரா சுரங்கப்பாதையை நோக்கிச் சாலை ஏறத் தொடங்கியதும் கார் இழுக்கவில்லை. எண்ணெயை அழுத்த அழுத்த வெட்டி வெட்டிப் போனது. மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு மின்னியது. பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பின் இருக்கையில் சின்னவள் அழத் தொடங்கிவிட்டாள். அவசரத் தடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, இடது தடத்திலேயே ஊர்ந்து போய்ச் சேர்ந்தார்.

திரும்பி வந்ததும் வீட்டுக்கு அருகிலிருந்த வேறொரு பட்டறையில் காட்டினார். "காயில் போயிடுச்சு" என்றார்கள். நான்கு காயிலையும் மாற்றி 700 வெள்ளி வாங்கினார்கள். குலுக்கல் போகவில்லை. "அப்படின்னா எஞ்சின் கம்ப்யூட்டர்தான், 1,800 வெள்ளி ஆகும்" என்றார்கள். அந்த 700 வெள்ளியே பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஒதுக்கி வைத்த பணம். அதற்கு மேல் அண்ணியிடம் இல்லை. அப்போதுதான் எனக்குத் தொலைபேசி வந்தது.

காப்பார் சாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக் இருக்கிறார். அங்கிள் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அண்ணி நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "குலுங்குறதுக்கு முன்னாடி கடைசியா இந்த எஞ்சின்ல யார் கை, எங்க பட்டுச்சும்மா?"

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை

ஸ்கேனரைச் சொருகினார். திரையில் பி0303 என்று வந்தது. இந்த எண்ணைப் படிப்பது எளிது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் பொறி தவறுகிறது, பி0302 என்றால் இரண்டாவதில், பி0303 என்றால் மூன்றாவதில். பி0300 என்று வந்தால் இந்த ஒன்றில்தான் என்று சொல்ல முடியாதபடி மாறி மாறித் தவறுகிறது.

ஆனால் அந்த எண், எந்தச் சிலிண்டர் என்று சொல்லுமே தவிர எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லாது. அதற்கு அங்கிள் செய்தது காசு செலவில்லாத வேலை. மூன்றாவது காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டார், முதலாவதை மூன்றாவதில் போட்டார். பதிவை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் பி0303. காயிலை மாற்றியும் கோளாறு நகரவில்லை. ஆக, காயில் நல்லது.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் அலுமினிய மரை பாழாகும் என்றார். தேநீர் குடித்து முடித்து, இப்போது பிளக்குகளை அதே போல் இடம் மாற்றினார். இந்த முறை திரையில் பி0301. கோளாறு பிளக்கோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது.

அந்தப் பிளக்கைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெள்ளைப் பீங்கானில் தலைமுடி போல ஒரு கோடு. விரிசல். நிற்கும்போதும் சமதளத்தில் போகும்போதும் பொறி சரியாகவே விழும். ஏற்றத்தில் அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்; பொறி பறக்க அதிக வோல்ட் வேண்டும். அப்போது மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல், விரிசல் வழியாக இரும்பு உடலுக்குக் கசிந்துவிடும். ஈப்போ வரை நன்றாக ஓடிய கார் ஏற்றத்தில் தடுமாறியதற்குக் காரணம் இதுதான். ஒரே ஒரு பிளக். விலை 35 வெள்ளி.

கை பட்ட இடங்களில் என்ன நடக்கலாம்?

பிளக் மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தச் சில வகைகளுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, காயிலின் வயர் இணைப்பு. 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தாவிட்டால் ஓட ஓடக் கழன்றுவிடும். பழைய கார்களில் பிளாஸ்டிக் கொக்கி வெயிலில் காய்ந்து உடைந்திருக்கும். காயிலின் அடியிலுள்ள ரப்பர் உறை கழற்றும்போது கிழிந்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, வயர் மாறிப்போவது. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய சாகா, இஸ்வாரா கார்களில் பொறி விழும் வரிசை 1-3-4-2. இரண்டு வயர்களை மாற்றிச் சொருகிவிட்டால் எஞ்சின் இருமும், வெடிக்கும், சில நேரம் கிளம்பவே கிளம்பாது.

மூன்றாவது, பொருந்தாத பிளக். மரை நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும். வெப்பத்தைக் கடத்தும் தரம் மாறினால் எஞ்சின் தட்டும், அல்லது பிளக்கில் கரி படியும். புகழ்பெற்ற பிராண்டுகளின் பெயரில் போலிப் பிளக்குகளும் சந்தையில் உண்டு. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று வாங்கிக்கொண்டு போவதற்கு முன் யோசியுங்கள்.

நான்காவது, முறுக்கு. 14 மில்லிமீட்டர் மரை கொண்ட பிளக்கை அலுமினிய ஹெட்டில் பூட்ட 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும்; 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், வாஷர் உள்ள புதுப் பிளக்கை விரலால் முழுதும் திருகிய பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை முறுக்குவார்கள். தளர்வாக இருந்தால் அழுத்தம் கசியும், பிளக் சூட்டில் வெந்துபோகும். அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போகும். அப்போது செலவு ஹெட் வரைக்கும் போய்விடும்.

ஐந்தாவது, பிளக்குக்குத் தொடர்பே இல்லாத ஒன்று. சில கார்களில் காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றினால்தான் பிளக்கை எட்ட முடியும். திரும்பப் பூட்டும்போது ஒரு சிறு குழாயை மாட்ட மறந்தால் போதும், அளக்கப்படாத காற்று உள்ளே போய் எஞ்சின் ஏறி இறங்கும். பேட்டரி வயரைக் கழற்றியிருந்தால், கணினி பழகி வைத்திருந்த அளவுகள் அழிந்து ஓரிரு நாள் லேசான தடுமாற்றம் இருக்கலாம். அது தானாகச் சரியாகும், மற்றவை ஆகா.

விளக்கு எரிகிறதா, மின்னுகிறதா?

எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால், வேகம் குறைத்துப் பட்டறை வரை போகலாம். விட்டு விட்டு மின்னினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் பற்றிக்கொள்கிறது என்று பொருள். அது உருகினால் 35 வெள்ளிக் கோளாறு ஆயிரங்களில் முடியும். பிள்ளைகள் காரில் இருந்தால் இன்னும் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

சண்டை போடாமல் கேட்பது எப்படி?

விரிசல் விட்ட பிளக்கை எடுத்துக்கொண்டு முதல் பட்டறைக்குப் போனோம். அண்ணி குரலை உயர்த்தவில்லை. பிளக்கை மேசை மேல் வைத்து, ஸ்கேனர் காட்டியதைச் சொன்னார். உரிமையாளர் சற்று நேரம் அதையே பார்த்துவிட்டு, வேலை செய்த பையனைக் கூப்பிட்டார். பத்தொன்பது வயதிருக்கும்.

"கீழ விழுந்துச்சு பாஸ். பார்த்தா ஒண்ணும் தெரியல. போட்டுட்டேன்."

"ஏண்டா சொல்லல?"

பையன் பதில் சொல்லவில்லை. உடைத்த பொருளின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது. 35 வெள்ளி அவனுடைய அரை நாள் கூலி. கீழே விழுந்த பிளக்கைக் குப்பையில் போட வேண்டும் என்பது தொழிலின் பாலபாடம். ஆனால் அதைச் சொன்னால் தண்டனை என்று இருக்கிற இடத்தில் எந்தப் பையனும் சொல்ல மாட்டான். அந்த மௌனம்தான் மெனோரா ஏற்றத்தில் ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தியது.

உரிமையாளர் மன்னிப்புக் கேட்டார், புதுப் பிளக் போட்டுக் கொடுத்தார், சர்வீஸ் கூலியையும் திருப்பித் தந்தார். "இனிமே விழுந்தா சொல்லு, நான் பிடிக்க மாட்டேன்" என்று பையனிடம் சொன்னதையும் கேட்டோம். இரண்டாவது பட்டறைக்குப் போன 700 வெள்ளி போனதுதான். பழைய காயில்கள் நன்றாகத்தான் இருந்தன என்று காட்ட அவை கையில் இல்லை; வீசிவிட்டார்களாம்.

எல்லாப் பட்டறைகளும் இப்படி ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. பேசியும் தீராவிட்டால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீதும் பழைய பொருளும் கையில் இருந்தால்தான் நம் பேச்சு எடுபடும்.

ஆகவே சர்வீஸுக்கு விடும்போதே சொல்லிவிடுங்கள்: "பழைய பிளக்கை, புதுப் பிளக் வந்த டப்பாவிலேயே போட்டுக் கொடுங்க." அந்த டப்பாவில் உள்ள எண்ணைக் கார் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எந்தப் பொருளையும் மாற்றச் சொல்வதற்கு முன், இடம் மாற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அருகில் ஏற்றமான சாலை இருந்தால் அந்தப் பக்கமாகவே போய் வாருங்கள்.