19 வருஷம் ரயிலே வராத உப்பு ஊர்... அகஸ்தியம்பள்ளி பாதைக்கு என்ன ஆச்சு?

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டியில் இருந்து கடலை நோக்கிப் பிரிகிறது ஒரு கிளை ரயில் பாதை. கரியாப்பட்டினம், தோப்புத்துறை, வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி தாண்டி ஒருகாலத்தில் கோடியக்கரை வரை ரயில் போனது. இன்று அந்தப் பாதையில் ஒரு பகுதி உயிரோடு இருக்கிறது. இன்னொரு பகுதி இல்லவே இல்லை. ஏன்?

டெல்டாவுக்கு ரயில் வந்த கதை

மாயவரம் - முத்துப்பேட்டை ரயில் பாதை 1894-ல் திறக்கப்பட்டது. திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாகச் செல்லும் இந்தப் பாதையைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. இதற்காக நிலவரியோடு சேர்த்துத் தனி வரியே வசூலிக்கப்பட்டது. அதாவது, நம்ம ஊர் மிராசுதார்களும் விவசாயிகளும் கொடுத்த காசில் வந்த ரயில்! வேதாரண்யம் கிளைப் பாதை அதற்குப் பிறகு வந்தது.

உப்புக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்?

1930 ஏப்ரல் 30-ம் தேதி ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் தடையை மீறி உப்பு அள்ளியது இதே அகஸ்தியம்பள்ளியில்தான். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது வேதாரண்யம் பகுதியில். ரயில் நின்றபோது உப்பை ஏற்றிவிட லாரி மட்டும்தான் வழி என்றானது.

ஏன் இத்தனை வருஷம் ஆச்சு?

மீட்டர் கேஜை அகலப் பாதையாக மாற்ற வேண்டும் என்பதால் 2004-ல் ரயில் நிறுத்தப்பட்டது. தண்டவாளத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் போதாதா? போதாது. மீட்டர் கேஜின் அகலம் 1 மீட்டர், அகலப் பாதைக்கு 1.676 மீட்டர். ஜல்லி, ஸ்லீப்பர், பாலம், நடைமேடை என எல்லாமே புதுசாக வேண்டும். வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம் இருக்கும் டெல்டாவில் இது சின்ன வேலை இல்லை. நிதி விட்டுவிட்டு வந்தால் வேலையும் அப்படித்தான் நடக்கும்.

கடைசியாக, 294 கோடி ரூபாய் செலவில் 37 கி.மீ. பாதை முடிந்து, 2023 ஏப்ரல் 8-ல் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார்.

அப்போ கோடியக்கரை?

ரயில் அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. மீதி சுமார் 9 கி.மீ. தூரத்துக்கு அகலப் பாதை போடப்படவில்லை. கோடியக்கரை இப்போது வெளிமான்களும் பூநாரைகளும் வாழும் சரணாலயம். அங்கே தண்டவாளம் போட வனவிலங்கு சட்டப்படி தனி அனுமதி தேவை.

‘தற்காலிகமாக நிறுத்தம்’ என்ற அறிவிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த ஒரே பாதையில் இரண்டு பதில் இருக்கிறது. அகலப் பாதைத் திட்டத்துக்குள் வந்த ஊருக்கு 19 வருஷம் கழித்து ரயில் திரும்பியது. வராத ஊர் இன்னும் பஸ்ஸில்தான் போகிறது.