நூற்றுக்கணக்கான கடைகளை மூடவைத்த ஒரே கட்டளை

2021 ஜூலை 3, சனிக்கிழமை. சுவீடனின் பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனங்களில் ஒன்றான கூப், தன் 800 கடைகளில் பெரும்பாலானவற்றைத் திறக்க முடியாமல் தவித்தது. சரக்குத் தட்டுப்பாடு எதுவும் இல்லை; பில் போடும் இயந்திரங்கள்தான் முடங்கியிருந்தன. கூப்பின் கணினிகளை யாரும் நேரடியாகக் குறிவைக்கவில்லை. அந்த இயந்திரங்களைத் தொலைவிலிருந்து பராமரிக்கப் பயன்பட்ட மென்பொருளின் வழியே தாக்குதல் உள்ளே வந்தது. அமெரிக்காவின் மயாமியைத் தலைமையிடமாகக் கொண்ட கசேயா நிறுவனத்தின் விஎஸ்ஏ என்ற மென்பொருள் அது.

ஆயிரம் கணினிகளை ஆள் அனுப்பிப் பராமரிப்பது நடக்காத காரியம். அதனால் ஒவ்வொரு கணினியிலும் ‘ஏஜென்ட்’ என்ற சிறு நிரலை நிறுவிவிடுகிறார்கள். மையத்தில் இருக்கும் ‘கன்ட்ரோலர்’ சர்வர் சொல்வதை அது செய்யும்: அப்டேட் போடும், மென்பொருளை நீக்கும், வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்லும். பெரும்பாலும் ஏஜென்ட்தான் கன்ட்ரோலரை அழைத்து, வேலை இருக்கிறதா என்று கேட்கிறது. பப்பெட் என்ற மென்பொருளில் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை இது நடக்கும். அழைப்பு உள்ளிருந்து வெளியே போவதால், அலுவலக ஃபயர்வாலில் புதிதாக வழி திறக்க வேண்டியதில்லை.

இந்த உரையாடலை நடுவில் யாரும் ஒட்டுக்கேட்காமல் இருப்பதற்கே குறியாக்கம். முன்பு டெல்நெட் வழியாகத் தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைந்தபோது கடவுச்சொல் அப்படியே, வெறும் எழுத்துகளாகக் கம்பியில் போனது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அங்கே ஆய்வாளராக இருந்த ததூ இலோனென் டெல்நெட்டுக்குப் பதிலாக எழுதிய, குறியாக்கத்தோடு கூடிய மென்பொருள்தான் எஸ்எஸ்எச். இன்றைய ஏஜென்ட் மென்பொருள்களில் நல்லவை இன்னும் ஒரு படி மேலே போகின்றன. கன்ட்ரோலர் தன் சான்றிதழைக் காட்ட, ஏஜென்ட்டும் தன்னுடையதைக் காட்ட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான், அந்த உரையாடலுக்கு மட்டுமான ஒரு ரகசியச் சாவியைக் கொண்டு பேச்சு தொடர்கிறது. புதிய ஏஜென்ட் முதன்முதலாக வந்து சேரும்போது அதன் அடையாளச் சாவியை ஒரு மனிதர் ஒப்பிட்டுப் பார்த்து ஏற்க வேண்டும். வேலைப் பளுவில் பல அலுவலகங்கள் இதைத் ‘தானாக ஏற்கவும்’ என்று மாற்றிவைத்துவிடுகின்றன. இது பெரிய தவறு. அடையாளம் தெரியாதவரோடு எவ்வளவு ரகசியமாகப் பேசினாலும் பயனில்லை.

கசேயா விவகாரத்தில் யாரும் குறியாக்கத்தை உடைக்கவில்லை. வாடிக்கையாளர்கள் தங்கள் இடத்தில் வைத்திருந்த விஎஸ்ஏ சர்வர்களில் இருந்த ஓட்டை வழியாக, கணினிகளை முடக்கிப் பணம் பறிக்கும் ரெவில் என்ற கும்பல் கன்ட்ரோலருக்குள்ளேயே புகுந்தது. பிறகு, அவசரத் திருத்தம் என்ற பெயரில் ஒரு கோப்பை எல்லா ஏஜென்ட்டுகளுக்கும் அனுப்பியது. கட்டளை முறையான கன்ட்ரோலரிடமிருந்து வந்ததால் ஏஜென்ட்டுகள் கேள்வி கேட்கவில்லை. ஏஜென்ட் வேலை செய்யும் ஃபோல்டரை ஆன்ட்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்கும்படி ஏற்கெனவே பரிந்துரை இருந்தது. கோப்பு இறங்கியது அங்கேதான். நேரடியாகப் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 60க்கும் குறைவு. ஆனால் அவர்களில் பலர் பிறருடைய கணினிகளைப் பராமரிப்பவர்கள். அதனால் பாதிப்பு 1,500 நிறுவனங்கள் வரை பரவியது. கும்பல் கேட்ட தொகை 7 கோடி டாலர். மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு: நெதர்லாந்தின் தன்னார்வப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்த ஓட்டையை ஏப்ரலிலேயே கசேயாவிடம் சொல்லியிருந்தார்கள். திருத்தம் தயாராகிக்கொண்டிருந்தபோதே கும்பல் முந்திக்கொண்டது.

அதற்கு முந்தைய ஆண்டே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. சால்ட் என்ற மென்பொருளில் கன்ட்ரோலருக்கு ‘மாஸ்டர்’, ஏஜென்ட்டுக்கு ‘மினியன்’ என்று பெயர். இரண்டுக்கும் இடையிலான போக்குவரத்து குறியாக்கம் செய்யப்பட்டதுதான். ஆனால் நிர்வாகச் சாவியை அடையாளம் கேட்காமலே மாஸ்டர் வெளியே கொடுத்துவிடும் ஓட்டை ஒன்றை எஃப்-செக்யூர் நிறுவனம் கண்டுபிடித்தது. சாவிக்கொத்தைக் கேட்டவருக்கெல்லாம் எடுத்து நீட்டும் காவலாளியைப் போன்ற நிலை. இணையத்தில் வெளிப்படையாகத் தெரிந்த மாஸ்டர்கள் 6,000க்கும் மேல். 2020 ஏப்ரல் இறுதியில் திருத்தம் வெளியானது. சில நாள்களுக்குள் லீனியேஜ்ஓஎஸ் என்ற கைப்பேசி இயங்குதளம், கோஸ்ட் என்ற வலைப்பதிவுத் தளம் ஆகியவற்றின் சர்வர்கள் தாக்கப்பட்டன.

இந்தத் துறை நமக்குத் தொலைவில் இல்லை. சென்னையின் ஜோஹோ நிறுவனம் தன் மேனேஜ்எஞ்சின் பிரிவின் மூலம் இத்தகைய மென்பொருளை உலகெங்கும் விற்கிறது. அதன் டெஸ்க்டாப் சென்ட்ரலில் இருந்த ஓட்டை ஒன்றைத் தாக்குபவர்கள் பயன்படுத்துவதாக 2021 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. யார் எழுதினாலும் இந்த வகை மென்பொருள் குறிவைக்கப்படும். ஒன்றைப் பிடித்தால் ஆயிரம் கிடைக்கிறதே!

ஆகவே, ‘குறியாக்கம் இருக்கிறதா?’ என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. கன்ட்ரோலர் இணையத்தில் பட்டவர்த்தனமாக நிற்கிறதா, விபிஎன்னுக்குப் பின்னால் இருக்கிறதா? உள்ளே நுழைய இரண்டடுக்குச் சரிபார்ப்பு உண்டா? எல்லாக் கணினிகளுக்கும் போகும் கட்டளைக்கு இரண்டாவது நபரின் ஒப்புதல் வேண்டுமா? மாற்றம் முதலில் பத்துக் கணினிகளுக்கு மட்டும் போகிறதா? கடைசிக் கேள்வியின் அருமையை 2024 ஜூலை 19 காட்டியது. கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் தன் ஏஜென்ட்டுகளுக்கு ஒரே வீச்சில் அனுப்பிய பிழையான அப்டேட், எந்தத் தாக்குதலும் இல்லாமலே சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லி, அதில் வரும் எண்ணைக் கேட்டு வாங்கிப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019இல் எச்சரித்தது. அந்த எண்ணைச் சொல்லி, திரையில் அனுமதியும் கொடுத்துவிட்டால் உங்கள் கைப்பேசி ஏஜென்ட், எதிர்முனையில் பேசுபவர் கன்ட்ரோலர். குறியாக்கம் அந்தத் திருட்டையும் பத்திரமாகவே கொண்டுபோய்ச் சேர்க்கும். வங்கியிலிருந்து பேசுவதாக யார் சொன்னாலும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் உடனே இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, 1930 என்ற சைபர் உதவி எண்ணை அழையுங்கள்.